பேக்கப் முடிந்ததும் கணினி தானே அணைய எந்த வழி நல்லது?

மாலை ஆபீஸைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, கணினி டெம்ப் (தற்காலிக) ஃபைல்களை அழித்து, அன்றைய கணக்கை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, தானாக அணைய வேண்டும். விண்டோஸில் இதற்கு மூன்று வழிகளில் முயன்றிருக்கிறேன்.

முதலாவது, நேரம் குறித்து அணைப்பது. பேக்கப்பை ஓடவிட்டு, கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலில் ‘ஷட்டவுன் /எஸ் /டி 7200’ (shutdown /s /t 7200, எண் நொடிக்கணக்கு) என்று அடித்தால் இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடும். ‘ஷட்டவுன் /ஏ’ அடித்தால் ரத்தாகிவிடும். இதைவிட எளிதான வழி கிடையாது. ஆனால் வேலை முடிந்ததா என்று அது பார்க்காது. நொடிக்கணக்கு கொடுத்தாலே, திறந்திருக்கும் நிரல்களைக் கட்டாயமாக மூடும் /எஃப் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு மார்ச் கடைசியில் எங்கள் பேக்கப் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. காலையில் பார்த்தால், கடைசி ஃபோல்டர் பாதியில் நிற்கிறது. அன்றோடு இந்த வழியை விட்டேன்.

இரண்டாவது, விண்டோஸின் நிர்வாக அமைப்பான குரூப் பாலிசியில் ஷட்டவுன் ஸ்கிரிப்ட் (அணையும்போது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) வைப்பது. யார் அணைத்தாலும் ஓடும் என்பது நல்ல விஷயம். ஆனால் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை. ஸ்கிரிப்ட்டுக்காக விண்டோஸ் காத்திருப்பதும், நாம் மாற்றாதவரை, 600 நொடிதான். டெம்ப் ஃபைல்களை அழிக்க இது போதும், பெரிய பேக்கப்புக்குப் போதாது.

மூன்றாவதுதான் என் தேர்வு: எல்லாக் கட்டளைகளையும் ஒரே பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிவரியாக ஓட்டும் ஃபைல்) வரிசையாக எழுதி, குறித்த நேரத்தில் ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டுவது. ஒரு வரி முடிந்துதான் அடுத்த வரி ஓடும் என்பதால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிக்கவே தேவையில்லை. (‘ஸ்டார்ட்’ போட்டு நிரலை அழைத்தால் மட்டும் /வெயிட் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.)

கவனிக்க வேண்டிய இடம், பேக்கப்பை நகலெடுக்கும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பி. மற்ற நிரல்கள் முடியும்போது தரும் எண் 0 என்று வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். ரோபோகாப்பி அப்படியில்லை. 1 என்றால் ஃபைல்கள் நல்லபடியாக நகலாகிவிட்டன என்று அர்த்தம். 8-லிருந்துதான் தோல்வி. அதனால் நடுவில் && (முன்னது 0 தந்தால்தான் அடுத்தது ஓடும் என்ற குறி) போட்டு ஷட்டவுனைச் சேர்த்தால், பேக்கப் ஒழுங்காக நடந்த இரவிலும் கணினி அணையாது. ‘இஃப் எரர்லெவல் 8’ என்று எழுதி, அப்படி வந்தால் ஷட்டவுன் வரியைத் தாண்டிப் போகச் சொல்ல வேண்டும். 8-ம் அதற்கு மேலும் எல்லாமே அதில் அடங்கும். காலையில் கணினி ஓடிக்கொண்டிருந்தால் பேக்கப்பில் ஏதோ கோளாறு, உடனே லாக் ஃபைலைத் திறந்து பார்க்கலாம்.

டிஸ்க்கில் பிழை பார்க்கும் செக்டிஸ்க்கை (chkdsk) மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். சி டிரைவில் அதற்கு /எஃப் (இங்கே பிழையைச் சரிசெய் என்று பொருள்) கொடுத்தால், அடுத்த முறை ஆன் ஆகும்போது ஓட்டட்டுமா என்று கேட்கும். இரவில் பதில் சொல்ல ஆளில்லை.

லினக்ஸ்காரர்களுக்கு இந்த வம்பு இல்லை. அங்கே நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) வெற்றிக்கு 0-தான் தரும், ஆகவே ரூட்டின் (நிர்வாகிக் கணக்கின்) கிரான் வரியில், அதாவது நேரம் குறித்து ஓட்டும் வரியில், && போட்டு, கணினியை அணைக்கும் பவர்ஆஃப் கட்டளையை அதன் முழுப் பாதையோடு சேர்த்தாலே சரி.

லேப்டாப்பில் வைப்பவர்கள் டாஸ்க் ஷெட்யூலரின் கண்டிஷன்ஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். சார்ஜரில் இருந்தால்தான் தொடங்கும் என்ற டிக் அங்கே ஏற்கெனவே போட்டிருக்கும். அதை எடுக்காதீர்கள், கிளம்பும் முன் சார்ஜரைச் செருகிவிட்டுப் போங்கள்.