தொகுப்பாளர் அரசியல் பேசலாமா: பிபிசி வழியும் ஈஎஸ்பிஎன் வழியும்

விளையாட்டுத் தொகுப்பாளரை அவருடைய சமூக ஊடகக் கணக்கில் அரசியல் பேச விடலாம். அல்லது வாயைக் கட்டலாம்.

கட்டிப் பார்த்தது பிபிசி. 2023 மார்ச்சில், அதன் கால்பந்து நிகழ்ச்சியான 'மேட்ச் ஆஃப் தி டே'வைத் தொகுத்து வழங்கிய கேரி லினேக்கர், பிரிட்டன் அரசு அகதிகளைப் பற்றிப் பேசும் மொழி 1930களின் ஜெர்மனியை ஒத்திருக்கிறது என்று ட்விட்டரில் எழுதினார். ஒதுங்கி இருக்கச் சொன்னார்கள். அதே நிகழ்ச்சியில் ஆட்டங்களை அலசிவந்த இயன் ரைட், ஆலன் ஷியரர் இருவரும் நாங்களும் வரவில்லை என்றுவிட, 'மேட்ச் ஆஃப் தி டே' தொகுப்பாளரோ வர்ணனையோ இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் முடிந்தது. இரண்டே நாளில் சமரசம். ட்வீட்டைவிடத் தண்டனைதான் பிபிசியை அதிகம் சேதப்படுத்தியது.

ஆனாலும் தடையின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பிபிசி ஓடுவது டிவி பார்க்க மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில். அதைக் கட்டுபவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தனியார் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னுக்கு அந்தக் கவலை இல்லை. 2017 செப்டம்பரில் அதன் தொகுப்பாளர் ஜெமெல் ஹில், அப்போதைய அதிபர் டிரம்பை வெள்ளை இன மேலாதிக்கவாதி என்று எழுதினார். வேலைநீக்கத்துக்கு உரிய செயல் என்று வெள்ளை மாளிகைப் பேச்சாளரே சொல்லியும் சேனல் கண்டிப்போடு விட்டது. அடுத்த மாதம், டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் விளம்பரதாரர்களைப் புறக்கணிக்கலாமே என்ற பொருளில் எழுதினார். இரண்டு வார இடைநீக்கம்! அதிபரைவிடக் கல்லாப்பெட்டி புனிதம் போலும்.

என் ஓட்டு பேச விடுவதற்கே. செய்தி வாசிப்பவருக்கு நடுநிலை தொழில். ஆஃப்சைடு பற்றிப் பேசுபவருக்கு அது எதற்கு? ஒளிபரப்பில் மட்டும் அரசியலைக் கலக்காமல் இருந்தால் போதும்.