'ஊர்வனவும் பார்ப்போம்' என்ற பலகையை நம்பி ஏமாந்தேன்

அடிபட்ட பியர்டட் டிராகனை (வீட்டில் வளர்க்கும் ஒரு வெளிநாட்டு ஓணான் வகை) யாராவது மீட்டு வைத்திருந்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வளர்க்க முடியாமல் ஒருவர் கைவிட்ட பெண் டிராகன் அது. இன்னொன்றோடு ஒரே தொட்டியில் அடைத்து வளர்த்திருக்கிறார்கள். அது இவளுடைய வாலைக் கடித்துக் குதறியிருந்தது. முன்னங்கால் ஒன்று வீங்கிப்போய், ஊன்ற முடியாமல் இழுத்து இழுத்து நகர்ந்தாள். கையில் எடுத்தபோது விரல்கள் மட்டும் வெடவெடவென்று துடித்தன. அது எதனால் என்று அன்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசல் பலகையில் 'ஊர்வனவும் பார்ப்போம்' என்று எழுதியிருந்ததை நம்பித்தான் உள்ளே போனேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடைகூடப் போடவில்லை. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுளுக்குதான்" என்று டேப்பை இறுக்கிச் சுற்றினார். பின்னந்தொடையில் ஒரு ஊசி. அப்புறம், "ராத்திரி இங்கேயே இருக்கட்டும்" என்றார். சூட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஏசி ரூம்தான், சௌகரியமா இருக்கும்."

அந்த இடத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். டாக்டரை எப்படி எதிர்த்துப் பேசுவது என்று தயங்கிவிட்டேன். டிராகன் நம் ஓணானின் குடும்பம்தான், சொந்தமாக உடல் சூடு கிடையாது. வெயில் காயும் இடம் ஏறக்குறைய 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் தின்றது செரிக்கும், நோய் எதிர்ப்பு சக்தி வேலை செய்யும். கொடுத்த மருந்துகூட உடம்பில் சரியாகச் சேர அந்தச் சூடு வேண்டும்.

காலையில் போனபோது உடம்பெல்லாம் கறுத்து, கண் உள்வாங்கிக் கிடந்தாள். டேப்புக்குக் கீழே விரல்கள் ஊதி, ஊதா நிறமாகியிருந்தன. பில்லில் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று தனியாக ஒரு தொகை. கேட்டதற்கு, இந்தப் பிராணியெல்லாம் இப்படித்தான், பிழைப்பது கஷ்டம் என்றார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அவளைத் தொடுவதற்கு முன்பே விளக்கைப் பற்றிக் கேட்டார். யூவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) தரும் டியூப் இருந்ததா, எத்தனை மாதப் பழசு, நடுவில் கண்ணாடி இருந்ததா? கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுமாம். எடையைக் கிராமில் குறித்துக்கொண்டு, எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்புகள் படத்தில் நிழல்போல மங்கலாகத் தெரிந்தன. முன்னங்கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. யூவிபி இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் உடம்பில் சேராது. உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கிவிடும். விரல் துடித்ததும் அதனால்தான். ஊசி விஷயத்தையும் சொன்னேன். பின்பக்கத்தில் போட்ட மருந்து ரத்தத்தோடு முதலில் சிறுநீரகம் வழியாகப் போய்விடக்கூடும் என்பதால் பொதுவாக முன்பக்கத்தில்தான் போடுவோம் என்றார்.

வால் நுனி காய்ந்து கருகிவிட்டதால் மயக்கம் கொடுத்து வெட்டி எடுத்தார்கள். பல்லிக்கு முளைப்பதுபோல இதற்கு வால் திரும்ப முளைக்காது.

ஆகவே போனிலேயே கேட்டுவிடுங்கள்: இதற்குமுன் டிராகன் பார்த்திருக்கிறீர்களா, எக்ஸ்ரே வசதி உண்டா, ராத்திரி தங்கவைத்தால் எத்தனை டிகிரியில் வைப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் அங்கே ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். போகும் வழியில் குளிராமல் இருக்க, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். எக்ஸ்ரே படத்தையும், போட்ட ஊசியின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் நான் வாங்கவில்லை. என்ன ஊசி போட்டார்கள் என்று இரண்டாவது மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதிலே வரவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். கால் மட்டும் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. காலையில் விளக்கைப் போட்டதும் அந்தக் காலையும் ஊன்றித்தான் கல்லின்மேல் ஏறுகிறாள்.