மே மாதம் மாத்தூர் தொட்டிப்பாலம் டூரா? பணம் கட்டுமுன் இதைப் படிங்க

கோடை லீவு வந்தால் போதும், ‘குமரி ஸ்பெஷல்’ நோட்டீஸ் நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் சுற்ற ஆரம்பித்துவிடும். நடுவில் மாத்தூர் தொட்டிப்பாலம் படம், தொட்டி நிறையத் தண்ணீர், சுற்றிலும் பச்சை. தி.நகர் பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸில் ஆளுக்கு 7,800 ரூபாய் கட்டி, அம்மா, மனைவி, பையனோடு கிளம்பினேன். “என்ட்ரி, கைடு எல்லாம் அடக்கம் சார். கையை வீசிக்கிட்டு வாங்க” என்றார் ஆபீஸில் இருந்தவர்.

பையனுக்குத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அதனால் போனில் குறிப்பாகவே கேட்டேன். “வருஷம் பூரா ஓடும் சார்” என்று வாய்ஸ் மெசேஜே அனுப்பினார்கள். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், தொட்டிப்பாலம் காட்சிக்காகக் கட்டி வைத்தது அல்ல, இன்றைக்கும் பாசனத்துக்குப் பயன்படும் கால்வாய். பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரை, பள்ளத்தில் ஓடும் பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில் 28 தூண்கள் தாங்கும் கான்கிரீட் தொட்டி வழியாக அக்கரைக்குக் கடத்துகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்காகக் காமராஜர் முயற்சியில் வந்த திட்டம், 1966-ல் கட்டியது. இந்தக் கால்வாய் அடங்கிய கோதையாறு பாசனத்துக்குப் பொதுவாக ஜூனிலிருந்து பிப்ரவரி வரைதான் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறப்பார்கள். அப்புறம் அடைப்பு. மே மாதத்தில் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

மேலே நடக்கும்போது ஸ்லாபுக்கு ஸ்லாப் இடைவெளி விட்டிருக்கிறது. குனிந்து பார்த்தோம். வெடித்துப்போன வண்டல், சிப்ஸ் பாக்கெட், வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்று. பையன் என்னைப் பார்த்தான், நான் டூர் இன்சார்ஜைப் பார்த்தேன், அவர் செல்போனைப் பார்த்தார். வாசலில் அன்னாசிப்பழம் நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்த கடைக்கார அம்மாதான் உண்மையைச் சொன்னார்: “தண்ணி அடைச்சாச்சுல்லா மக்ளே, இனி ஜூன்லதான் விடுவாவ.”

அதோடு விட்டார்களா? வேனை விட்டு இறங்கும்போதே ‘பாதுகாப்புக் கட்டணம், ஸ்பெஷல் கைடு’ என்று ஆளுக்கு 200 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு நோட்டுத் தாளைக் கிழித்து ‘800 பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தந்தார் இன்சார்ஜ். சீல் இல்லை, கையெழுத்தும் ஒரு கிறுக்கல். கவுன்டரில் அசல் நுழைவுக் கட்டணம் சில்லறைக் காசுதான். ஸ்பெஷல் கைடு என்று வந்த பையனோ, “திருவிதாங்கூர் மகாராஜா கட்டின பாலம்” என்று ஆரம்பித்தான். அம்மாவுக்குக் காமராஜர் என்றால் உயிர். “தம்பி, காமராஜர் காலத்துத் திட்டம்ப்பா இது” என்றார். அவன் “அதுவும் சொல்லுவாங்க பாட்டி” என்று நகர்ந்துவிட்டான்.

நோட்டீஸில் போட்டிருந்தது இரண்டு மணி நேரம். கிடைத்தது இருபது நிமிஷம். படிக்கட்டு இறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் அந்தத் தூண்களின் பிரம்மாண்டமே தெரியும். நாங்கள் படியில் கால் வைப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். காரணம் மதியம் தெரிந்தது. ஒரு முந்திரிக் கடையில் மட்டும் ஒரு மணி நேரம் வேன் நின்றது. கமிஷன் இல்லாமலா?

மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள்கிழமை! கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் அரண்மனை, திங்கள் விடுமுறை. குமரிக்கு ஆள் கூட்டிப்போவதே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாதாம். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, “போட்டோ எடுத்துக்குங்க சார்” என்றார். அந்த டிக்கெட் காசையும் திருப்பித் தரவில்லை.

சென்னை திரும்பியதும் ஆபீஸுக்குப் போனேன். “ஓனர் வெளியூர், மெயில் போடுங்க.” போட்டேன், பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வாய்ஸ் மெசேஜ், நோட்டீஸ், அந்த நோட்டுத் தாள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. புகார் முடியும்வரை டிராவல்ஸ் பெயரைக் கேட்காதீர்கள்.

பாலத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை, கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஜூன் பிறந்து, அணை திறந்த செய்தி பேப்பரில் வந்த பிறகு போங்கள். எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் குழித்துறையில் இறங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் மார்த்தாண்டம், அங்கிருந்து திருவட்டாறு பஸ், அப்புறம் ஆட்டோ. திருவட்டாறு கோயிலில் ஆதிகேசவப் பெருமாளை முதலில் சேவித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பாலத்துக்கு அப்படி அவசரம் இல்லை, சாயங்கால வெயிலில் நடப்பதுதான் வயதானவர்களுக்கும் சுகம்.