கொசுறுக் குருவியும் ஒரு சட்டைப்பைப் புத்தகமும்

மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. புதிய ஏற்பாடு, சங்கீதங்கள், நீதிமொழிகள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டி, சட்டைப்பையில் அடங்கும் அளவில் அச்சிடப்படும் வேதாகமப் (பைபிள்) பதிப்பு அது. வேலை போய், அதைத் தொடர்ந்து தூக்கமும் போய், என்னால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் மனத்தில் கெட்டிப்பட்டுவிட்ட ஒரு காலத்தில், சபையில் மூத்தவரான ஓர் அக்கா இதை என் கையில் வைத்தார். “படிக்கணும்னு இல்ல தம்பி, பையில கிடக்கட்டும்” என்றார், அவ்வளவுதான். முதல் சில வாரங்கள் அவர் சொன்னபடி கிடக்கத்தான் செய்தது. அதன் பிறகு பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் திறந்து படித்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

புறத்தோற்றத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டு உறுதியானது; பலமுறை கீழே விழுந்தும் தாள் கழன்று வரவில்லை. எழுத்துதான் பொடி எழுத்து. தாள் மெலிதாக இருப்பதால் மறுபக்கத்து வரிகள் நிழலாகத் தெரிகின்றன. அழுது சிவந்த கண்களோடு படிக்கிறவரை நினைத்து இதை வடிவமைத்ததாகத் தெரியவில்லை.

என் முதன்மையான குறை முன்பக்கத்து அட்டவணையைப் பற்றியது. பயப்படும்போது, தனிமையில் இருக்கும்போது, சோர்வடையும்போது என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே வாசிக்கவேண்டிய பகுதிகளைக் குறித்திருக்கிறார்கள். சோர்வுக்கு எதிரே இருந்தது பிலிப்பியர் என்ற நிருபத்தின், அதாவது கடிதத்தின், 4ஆம் அதிகாரம். திருப்பினால், “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனம் நிற்கிறது. அப்போஸ்தலர் பவுல் அதைச் சிறையில் கட்டுண்டவராக இருந்த நிலையில் எழுதினார் என்பது அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் படித்தவருக்குத்தான் தெரியும். அட்டவணையின் வழியாக நேராக அங்கே வந்து இறங்குகிறவருக்கு அது ஒரு கண்டிப்பான கட்டளையாகவே ஒலிக்கும். எனக்கு அப்படித்தான் ஒலித்தது, மூடி வைத்துவிட்டேன். இத்தனைக்கும் அதே பவுல், உயிர்பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்குத் தம் பலத்துக்கு மிஞ்சிய பாரம் தம்மை அழுத்தியதாக 2 கொரிந்தியர் 1ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அதுவும் இந்தப் பதிப்பில் இருக்கிறது. அட்டவணையில் இல்லை.

ஆகவே அட்டவணையை விட்டுவிட்டுச் சங்கீதங்களுக்குப் போகும்படிதான் சொல்வேன். மொத்தம் 150 பாடல்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். கடவுளைத் துதிக்கும் நூல் என்று கேள்விப்பட்டு அதைத் திறக்கிறவர், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13ஆம் சங்கீதம் வாசலிலேயே நின்று வழக்காடுவதைக் கண்டு திகைக்கக்கூடும். 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்ற முறையீடுகளில் பெரும்பாலானவை கடைசியில் எங்காவது ஒரு வரியில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடுகின்றன, இது திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் இதன் கடைசிச் சொல்லே இருள்தான். அந்த இருளை வெட்டி எறியாமல் வேதம் தன்னுள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ட இரவில், இப்படிப்பட்ட மனநிலையோடும் ஒருவன் ஜெபிக்கலாம் போலிருக்கிறது என்று முதன்முறையாக எனக்குத் தோன்றியது. சந்தோஷம் வந்துவிடவில்லை, வெளியே தள்ளப்பட்டவன் என்ற உணர்வு மட்டும் சற்றுத் தளர்ந்தது.

இந்தப் பதிப்பின் உண்மையான பலம், சங்கீதங்களும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களும் ஒரே உள்ளங்கைக்குள் இருப்பது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் ஒரு விரலையும், சிலுவையில் இயேசு அதே வரியைக் கூவும் மாற்கு 15ஆம் அதிகாரத்தில் மற்றொரு விரலையும் வைத்துக்கொண்டு மாறிமாறிப் பார்க்கலாம். ஆனால் நான் அதிகம் தொடர்ந்து சென்றது ஒரு குருவியை. 102ஆம் சங்கீதத்தில் தூக்கமின்றி வீட்டுக்கூரையின்மேல் தனித்திருக்கும் குருவியாக ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். 84ஆம் சங்கீதத்தில் அடைக்கலான் குருவிக்கு ஆலயத்தின் பீடங்களண்டையில் வீடு கிடைக்கிறது. பிறகு மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் அதே பறவை சந்தைக்கு வருகிறது: ஒரு காசுக்கு இரண்டு. லூக்கா 12ஆம் அதிகாரத்திலோ இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது குருவி, வியாபாரி கொசுறாகத் தூக்கிப் போட்டது. விலைப்பட்டியலிலேயே இடமில்லாத அந்த ஐந்தாவதையும் சேர்த்துத்தான், அவற்றில் ஒன்றுகூட மறக்கப்படுவதில்லை என்று இயேசு சொல்கிறார். நேர்காணலுக்கு நேர்காணல் சந்தை விலையை மட்டுமே கேட்டுக் கேட்டு, அந்த விலைதான் தான் என்று நம்பத் தொடங்கியிருந்தவனுக்கு, இந்தக் கணக்கைப் போல் எந்த ஊக்கப் பேச்சும் உதவியிருக்காது. திறமையைப் பாராட்டியோ, நீ சாதிப்பாய் என்று தட்டிக்கொடுத்தோ அது மதிப்பைத் தரவில்லை. மறக்கப்படாதிருத்தலே மதிப்பு என்கிறது. (மத்தேயுவையும் லூக்காவையும் இணைத்துக் காட்டும் ஒத்துவாக்கியக் குறிப்பு எதுவும் இதில் கிடையாது. நாமேதான் கண்டுபிடிக்கவேண்டும்.)

139ஆம் சங்கீதத்தையும் இதே வரிசையில் வைப்பேன். கடவுள் தன்னை ஆராய்ந்து அறிந்திருக்கிறார் என்று அது தொடங்குகிறது. நாஜிகளுக்கு எதிராக நின்ற ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர், 1944இல் சிறையிலிருந்தபடி, மற்றவர்கள் காணும் துணிச்சல்காரன் நானா, எனக்கு மட்டும் தெரிந்த நடுங்குகிறவன் நானா என்று கேட்டு ஒரு கவிதை எழுதினார். கேள்விக்கு விடை காணாமலே, நான் யாராக இருந்தாலும் கடவுள் அறிவார், நான் அவருடையவன் என்று அதை முடித்தார். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். விடை தெரியாத நிலையிலும் ஒருவர் கடவுளால் அறியப்பட்டிருக்கலாம் என்ற அந்த எண்ணம் இந்தச் சங்கீதத்துக்கு வெகு அருகில் இருக்கிறது.

இனி, இதில் இல்லாதவை. 66 புத்தகங்களில் 29 மட்டுமே இருப்பதால், இருண்ட நாட்களுக்கு மிகவும் வேண்டிய சில பகுதிகள் விடுபட்டிருக்கின்றன. யோபு இல்லை. புலம்பல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் இல்லை. பெரிய வெற்றி கிடைத்த கையோடு உயிருக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, நான் செத்தால் போதும் என்று கேட்கும் தீர்க்கதரிசி எலியாவுக்கு, தேவதூதன் பிரசங்கம் செய்வதில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கண்டிப்பு கிடையாது; இரண்டாவது முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். உடம்பையும் தூக்கத்தையும் முதலில் கவனிக்கிற இந்தப் பகுதி இதில் இருந்திருந்தால், மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று எண்ணி நான் வீணாக்கிய மாதங்கள் குறைந்திருக்கும். மாத்திரை தொடங்கிய பிறகே ஒரு பக்கத்தை முழுதாக வாசித்து முடிக்கிற கவனம் எனக்குத் திரும்பியது. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிறவர் இந்தப் புத்தகத்தோடு தனியாக இருக்கக்கூடாது. ஒரு மனிதரிடமும் ஒரு மருத்துவரிடமும் அன்றைக்கே சொல்லவேண்டும்.

மொழி பழைய மொழிபெயர்ப்பின் மொழி. சஞ்சலம், விண்ணப்பம், ஆத்துமா போன்ற சொற்களோடு வளர்ந்தவருக்கு அவை வீட்டுச் சொற்கள். புதிதாக வருகிறவர் தடுமாறுவார். அவருக்கு எளிய தமிழில் முழு வேதாகமத்தை, பெரிய எழுத்தில் வாங்கிக் கொடுப்பதே நல்லது. ஏற்கெனவே அறிமுகமுள்ளவருக்கு, குறிப்பாகக் காத்திருப்பு அறைகளில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கவேண்டியவருக்கு, தயங்காமல் இதைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது முன்பக்கத்து அட்டவணையின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் 88, 102 என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பக்கக்குறி நாடா வைக்காததுதான் கடைசிக் குறை. லூக்கா 12இல் பழைய மருந்துச்சீட்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். பையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நழுவி விழுகிறது.