கூரையை வெட்டும் முன் பேட்டரி எங்கே என்று பாருங்கள்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரும் வேண்டும், தலைக்கு மேல் வானமும் தெரிய வேண்டும் என்றால் மூன்று வழி உண்டு. டொயோட்டா ப்ரியஸ் மாதிரி ஒரு காரைப் பட்டறையில் விட்டுக் கூரையை வெட்டலாம். அரச குடும்பங்களைப் போல ஒற்றைக் காரைத் தனியாகச் செய்விக்கலாம். இல்லையா, தொழிற்சாலையே மடிக்கும் கூரையோடு கொடுத்த ஹைப்ரிட்டை வாங்கலாம். விலையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், பேட்டரி உட்கார்ந்திருக்கும் இடமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

முதல் வழி வெறும் கனவல்ல. கலிபோர்னியாவில் நியூபோர்ட் கன்வெர்டிபிள் இன்ஜினியரிங் என்ற நிறுவனம் ப்ரியஸை இப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறது. படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை போனால் எந்தக் காரும் விறைப்பை இழக்கும். மேடுபள்ளத்தில் உடல் முறுக்கிக்கொண்டு கதவு கிரீச்சிடும். அதைத் தடுக்கக் கதவுகளுக்குக் கீழேயும் தரையிலும் இரும்பு சேர்த்து வெல்டிங் அடிக்க வேண்டும். இது எல்லாக் காருக்கும் பொது.

ப்ரியஸுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை மாடல்களில் அதன் 201.6 வோல்ட் பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால், டிக்கித் தரையோடு ஒட்டி இருக்கும். மடித்த கூரை இறங்க வேண்டிய இடமும் கிட்டத்தட்ட அதுவே. அங்கிருந்து உயர் மின்னழுத்தக் கேபிள் தரைக்கடியில் முன்பக்கம் போகிறது, அதாவது வெல்டிங் நடக்கும் பக்கம். அப்புறம் காற்று. இந்தப் பேட்டரி குளிர்வது பயணிகள் பகுதியின் காற்றை உறிஞ்சித்தான். அதற்கான வாய் பின்சீட் ஓரத்தில் இருக்கிறது. மூடிய காரிலேயே நாய் முடியும் தூசியும் அதை அடைத்துத் தொல்லை தரும். திறந்த காரில் வெயிலும் தூசியும் திடீர் மழையும் நேராக அங்கே போகும். விபத்தில் தலையைக் காக்கக் கூரையோரம் இருந்த கர்ட்டன் ஏர்பேக்கும் போய்விடும். காற்றைக் கிழிக்க வடிவமைத்த உடலின் மைலேஜ் என்னாகும் என்று சொல்லவே வேண்டாம்.

அரச வழி இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டுகிறது. 2011-இல் மொனாக்கோ இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட்டின் திருமணத்துக்கு லெக்ஸஸ் எல்எஸ் 600எச் எல் காரைப் பெல்ஜியத்தின் காரா துஷாட்லே நிறுவனம் வெட்டியது. அதன் பேட்டரியும் பின்சீட்டுக்குப் பின்னால்தான். ஆனால் கூரையை மடிக்கும் வேலையே வைக்கவில்லை. கழற்றி எடுக்கும் ஒளிபுகும் மூடி ஒன்றைச் செய்தார்கள். 2019 நவம்பர் 10 அன்று ஜப்பான் பேரரசர் நருஹிட்டோ ஊர்வலம் வந்ததும் திறந்த டொயோட்டா செஞ்சுரி ஹைப்ரிட்டில். ஊர்வல வேகத்தில் ஊர்ந்து போகும் காருக்குக் காற்றுத் தடையும் மைலேஜும் ஒரு கணக்கா?

தினசரி ஓட்ட வேண்டியவருக்குத் தொழிற்சாலை வழிதான் சரி. பிஎம்டபிள்யூ ஐ8 ரோட்ஸ்டரைப் பாருங்கள். 2018-இல் வந்தது, 2020-இல் நின்றது. பேட்டரி காரின் நடுத் தண்டில் நீளவாக்கில் இருப்பதால் பின்பக்கம் கூரைக்கு இடம் கிடைத்தது. துணிக்கூரை 15 வினாடியில், 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே மடியும். பயணிகள் கூடு கார்பன் ஃபைபர் என்பதால் நிலையான கூரை கொண்ட ஐ8 கூபேயை விட 60 கிலோதான் கூடியது. இதற்கும் விலை உண்டு: பின்சீட்டுகள் இரண்டும் போய்விட்டன. குடும்பத்தோடு போகிறவருக்கு இது காரே அல்ல.

ஏற்கெனவே ப்ரியஸ் வைத்திருப்பவர் அதை வெட்ட நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் தலைமுறையில் சூரியத் தகட்டோடு சன்ரூஃப் வைத்த மாடலே அமெரிக்காவில் விற்றது. கார் நிற்கும்போது அந்தத் தகடு மின்விசிறியை ஓட்டிச் சூட்டையும் வெளியேற்றும். பழைய கார்ச் சந்தையில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பது கூரையை அறுப்பதைவிட எவ்வளவோ மேல்.