அக்கா உட்காரும் நேரத்துக்கு அரிசி ஊறப்போடுகிறோம்: மூன்று வருட அனுபவம்

காரைக்குடியில் சின்ன அளவில் பலகாரம் போடுகிறோம். கைமுறுக்கு சுற்ற ஒரே ஒரு அக்காதான். மாவு எவ்வளவு இருந்தாலும் அவர் சுற்றுவதுதான் அன்றைய கணக்கு.

முன்பு இதை யோசிக்காமல், முதல் நாள் ராத்திரி 8 மணிக்கே பச்சரிசியை ஊறப்போட்டுவிடுவோம். அக்கா உட்காருவது மறுநாள் பகல் 2 மணிக்கு. நடுவில் 18 மணி நேரம்! ஈர மாவு புளித்து, முறுக்கு சிவந்து, எண்ணெயையும் குடிக்கும்.

மேலாண்மை நிபுணர் எலியாஹு கோல்ட்ராட்டின் டிரம்-பஃபர்-ரோப் என்ற வேலைத் திட்டமிடல் முறையை நண்பர் ஒருவர் சொன்னார். வேலை தேங்கும் இடத்தின் வேகம்தான் டிரம். எங்களுக்கு அது அக்காவின் கை. பஃபர் என்றால் குவித்து வைத்த மாவு என்று நினைத்தேன். இல்லை, அரிசி ஊறப்போடுவதிலிருந்து அக்கா உட்காரும் வரை விடுகிற நேரம். ரோப் என்றதும் கொப்புடையம்மன் தேர்வடம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இது இழுக்கிற கயிறு இல்லை, அரிசி முந்தி ஓடாமல் பிடித்து வைக்கிற கயிறு.

இப்போது ஆகிற நேரத்தில் பாதியை வைத்துத் தொடங்கலாம் என்பார்கள். 9 மணி நேரம் வைத்தோம். காலை 5 மணிக்கு ஊறல். கரும்பலகையில் 8 வரை பச்சை, 11 வரை மஞ்சள், அப்புறம் சிவப்பு. 11 ஆகியும் சலித்த மாவு வரவில்லை என்றால் ஒருவர் மில்லுக்கு ஓட வேண்டும். தாமதத்துக்கான காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுவோம். இரண்டு மாதம் பார்த்தால் முக்கால்வாசி "மில்லில் கூட்டம்". அரைக்கப் போகும் நேரத்தை மாற்றினோம், சிவப்பு குறைந்தது.

கஷ்டம் வேறு இடத்தில். மாவு சலிக்கிற பையன் சும்மா இருப்பதை அப்பச்சியால் பார்க்க முடியவில்லை. "சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறியாப்பா?" அவரைச் சமாதானப்படுத்தவே ஒரு வருடம் போனது.

முதல் தீபாவளிக்குச் சரியாக அடி வாங்கினோம். சுற்றுவதற்குக் கூடுதலாக இரண்டு பேர் வந்தார்கள். தேக்கம் எண்ணெய்ச் சட்டிக்கு நகர்ந்துவிட்டது. நாங்களோ கயிற்றை அக்காவிடமே கட்டி வைத்திருந்தோம். சுற்றிய முறுக்கு துணியிலேயே காய்ந்து, எடுக்கும்போது உடைந்தது. இப்போது சீசன் தொடங்கியதும் அடுப்பைப் பார்த்துத்தான் அரிசி. அதிரசம் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. பாகு மாவு இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் பதம் வரும். அதற்குத் தனிப் பலகை.

அக்கா வரமாட்டார் என்று ராத்திரி போன் வந்தால், காலையில் அரிசி மூட்டையை அவிழ்ப்பதே இல்லை. முன்பெல்லாம் அந்த மாவைத் தோசை ஊற்றியே தீர்ப்போம்.