ஊரில் வாடகைக்கு விட்ட வீடு: விடுமுறையில் போகிறவர்கள் பார்த்துவிட்டு வர வேண்டியவை

லண்டனிலோ பர்மிங்காமிலோ வீட்டை வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் ஊரில் வந்து கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு லைசென்ஸ் எங்கே வாங்கணும்?" என்பதுதான். அங்கே பல இடங்களில் கவுன்சில் உரிமம் உண்டு. கேஸுக்கு ஆண்டுதோறும் சான்று, வயரிங்குக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை சான்று. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு வீட்டை விடுவதற்கு மாநகராட்சி உரிமம் கிடையாது. வரி ஒழுங்காகக் கட்டினால் யாரும் உள்ளே வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள். நிம்மதி என்று தோன்றும். ஆனால் பரிசோதகர் பார்க்க வேண்டியதை எல்லாம் உரிமையாளரே பார்க்க வேண்டும், அவரோ ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறவர். அதனால் விடுமுறை நாட்களைக் காகித வேலைக்குச் செலவழிப்பதைவிட வீட்டுக்குள் செலவழிப்பதே மேல். காகிதங்களில் பாதி வெளிநாட்டிலிருந்தே முடியும், சுவிட்ச் போர்டைத் திறந்து பார்க்க அங்கிருந்து முடியாது.

காகிதத்தை முதலில் முடித்துவிடலாம். 2017-ஆம் ஆண்டின் சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960 சட்டம் போய்விட்டது. இப்போது வாய்ப்பேச்சு வாடகை செல்லாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கென்று அரசின் தனி இணையதளம் இருக்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் பான், ஆதார், புகைப்படம், வீட்டு விவரம், வாடகை, காலம், கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஸ்கேன் எல்லாம் கேட்கும். சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் இதுவும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் பதிவு கட்டாயம். 11 மாதம் என்று எழுதினால் அந்தப் பதிவு தேவையில்லை, ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு அப்போதும் கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு தகராறு என்று போனால் அது சாட்சியமாகாது. வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னைப் பழக்கம் பத்து மாதம், சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. இருவரும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்ற இடைவெளி இருப்பதால்தான் பத்து மாதம் இன்னும் ஓடுகிறது. எவ்வளவு வாங்கினாலும் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகையை நிலையான வைப்பில் பூட்டிவிட்டு அப்புறம் அலையாதீர்கள்.

தம்பியோ மைத்துனரோ உங்களுக்காகக் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் பவர் பத்திரம் வேண்டும். அதை நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியரில் வந்த உறை அலமாரியில் ஐந்து மாதம் தூங்கினால் அபராதம்தான். ஊருக்கு வந்திருக்கும்போதே பவர் எழுதிப் பதிந்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

வரியில் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உரிமையாளர் உள்ளூர்க்காரர் என்றால், மாத வாடகை 50,000 ரூபாய் தாண்டினால் தனிநபர் வாடகைதாரர் அதிலிருந்து 2 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டினால் போதும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 50,000 வரம்பு பொருந்தாது. 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸுமாக 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வாடகைதாரருக்கு இது தெரியாது, தரகரும் சொல்ல மாட்டார். வாடகைதாரர் தன் கம்பெனியில் வீட்டு வாடகைப்படிக்காக உங்கள் பான் எண்ணைக் கொடுக்கும்போது விஷயம் வெளியே வரும், நோட்டீஸ் அவருக்குப் போகும். உங்கள் மொத்த வருமானம் குறைவு என்றால் வருமான வரித் துறையிடம் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாடகை விழ வேண்டியது, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில். மாணவனாக இருந்தபோது தொடங்கிய பழைய சேமிப்புக் கணக்கில் இன்னும் வாங்கிக்கொண்டிருப்பது அந்நியச் செலாவணி விதிக்கு எதிரானது.

இனி வீட்டுக்குள். வாடகைதாரருக்கு 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது, வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். கையோடு நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே சுவிட்ச் கீழே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். விழவில்லை என்றால் பழுதாகியிருக்கும், அல்லது யாரோ அதைத் தாண்டி வயர் கொடுத்திருப்பார்கள். இந்த இரண்டாவது மிகச் சாதாரணம். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வாடகைதாரர் புலம்புவார், கூப்பிட்ட ஆள் காரணம் தேடாமல் பைபாஸ் செய்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இன்வெர்ட்டர் போட்டபோது நியூட்ரல்கள் கலந்தது, நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டது, கீசர் காயிலில் கசிவு. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பார்த்தால் அரை நாளில் பிடித்துவிடலாம்.

அடுத்தது சமையலறை. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் வைத்துச் செருகியிருந்தால் சாக்கெட் பழுப்பேறியிருக்கும், தொட்டால் தெரியும். 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாகப் போட்டுக் கொடுங்கள். கேஸ் ட்யூபில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். 5 ஆண்டு தாண்டியதை அன்றே மாற்றுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் பேச்சே வேண்டாம், கழற்றுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. தட்டு ஓடு பதித்தபோது தரை உயர்ந்து சுவர் குட்டையாகிப்போன வீடுகள் ஏராளம். சம்ப் மூடி குழந்தை தூக்க முடியாத கனத்தில், பூட்டோடு இருக்க வேண்டும்.

கழிவுத் தொட்டிக்கு உள்ளாட்சி உரிமம் பெற்ற லாரியைத்தான் கூப்பிட வேண்டும், 14420-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தொட்டிக்குள் ஆளை இறக்கினால், மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்தியவர்தான் பொறுப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் இதை அழுத்திச் சொல்லிவிட்டு வாருங்கள்.

யார் எதைச் சரிசெய்வது என்ற சண்டைக்கு 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பதில். கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் செலவு. குழாய் வாஷர், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி எல்லாம் வாடகைதாரர் செலவு. அந்தப் பக்கத்தை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் பாதி போன் அழைப்புகள் குறையும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. கோபத்தில் உள்ளூர் உறவினர் அதைச் செய்துவிட்டால் வாடகை அதிகாரி முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மேல்மாடியைப் பெண்கள் விடுதியாக்கினால் மூன்று மடங்கு வருமானம் என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். உரிமமே வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னது இங்கே பொருந்தாது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்பார்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜிலிருந்து பரவிய தீயில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒரே ஒரு குறுகிய மாடிப்படி உள்ள வீட்டுக்குத் தீயணைப்புச் சான்று கிடைப்பது கடினம், அப்படி ஒரு வீட்டில் பத்துக் கட்டில் போடுவதற்கு முன்னால் இரண்டாவது வெளியேறும் வழிக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். இல்லை என்றால் குடும்பத்துக்கே விடுங்கள்.